வளவில் திரியும் ஊர்க்கோழி: மீளக் குடியேறிய குடும்பங்களுக்கான பாடம்

ஊருக்குத் திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய வேலைகள் பல. கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், கொட்டில் போட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூட அலுவல் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கோழியைப் பற்றி யோசிக்க நேரம் ஏது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், குறைந்த காசுடன், காணி திருத்தி முடியும் முன்னரே தொடங்கக்கூடிய தொழில்களில் ஊர்க்கோழி வளர்ப்பும் ஒன்று. நெல் விளைய மூன்று, நான்கு மாதம் வேண்டும். தென்னம்பிள்ளை காய்க்க ஆண்டுகள் வேண்டும். முட்டையிடும் பருவத்துப் பேடு ஒன்று வீட்டுக்கு வந்தால் சில கிழமைகளிலேயே பிள்ளைகளின் சாப்பாட்டில் முட்டை சேரும்.

இந்தப் பாடம் வன்னிப் பகுதியில் மீளக் குடியேறியுள்ள குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கு சொல்லப்படுவது பண்ணைக் கோழி வளர்ப்பு அல்ல. நான்கைந்து ஊர்க்கோழிகளை வளவில் திரியவிட்டு, இரவில் கூட்டில் அடைத்து, வீட்டுத் தேவைக்கும் சிறு வருமானத்துக்கும் வளர்க்கும் முறையே இது. உங்களில் பலருக்கு இது புதிதல்ல. இடம்பெயர முன்னர் உங்கள் வளவிலும் கோழிகள் திரிந்திருக்கும். ஆனால் இப்போது வளவும் சுற்றாடலும் முன்பு போல் இல்லை. வேலி இல்லை, பக்கத்துக் காணி பற்றை மூடிக் கிடக்கிறது, சில இடங்களில் வெடிபொருள் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே பழைய பழக்கத்தோடு சில புதிய கவனங்களும் தேவைப்படுகின்றன.

1. முதலில் பாதுகாப்பு

ஊர்க்கோழி வேலி பார்த்து மேயாது. பற்றைக்குள் போகும், ஒளித்து முட்டையிடும், அங்கேயே அடையும் கிடக்கும். முன்பு நாங்கள் பிள்ளைகளை அனுப்பி முட்டை தேடுவோம். இப்போது அப்படிச் செய்யக்கூடாது.

- கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் பாதுகாப்பானது என்று கையளித்த இடத்துக்கு வெளியே, கோழியைத் தேடியோ முட்டையைத் தேடியோ யாரும் போகக்கூடாது. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை, எச்சரிக்கை நாடா ஆகியவற்றுக்கு அப்பால் ஓர் அடிகூட வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். கோழி போனால் போகட்டும். பசித்தால் அது தானாகத் திரும்பி வரும்.
- கோழி நடந்து போன இடம் மனிதருக்கும் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். கோழியின் பாரம் வேறு, உங்கள் பாரம் வேறு.
- பழைய பதுங்குகுழிகள் கோழிகளுக்கு நல்ல மறைவிடம். அவற்றுக்குள் பாம்பு இருக்கலாம், கைவிடப்பட்ட பொருட்கள் இருக்கலாம், மண் இடிந்து விழலாம். பிள்ளைகளை உள்ளே இறங்க விடாதீர்கள். பதுங்குகுழியை மூட விரும்பினால் முதலில் கிராம அலுவலருக்கு அறிவித்து, அது பரிசோதிக்கப்பட்ட பின்னரே மூடுங்கள்.
- வளவில் கிடக்கும் இரும்புக் கோதுகளையும் பெட்டிகளையும் தண்ணீர் வைக்கவோ கூட்டுக்கு முண்டு கொடுக்கவோ எடுக்க வேண்டாம். தொடாமல், அசைக்காமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு உடனே அறிவியுங்கள்.
- கூட்டுக்குத் தடி வெட்டுவது, குஞ்சுக்குக் கறையான் எடுப்பது, செத்த கோழியைப் புதைக்கக் கிடங்கு வெட்டுவது ஆகிய எல்லாவற்றையும் பாதுகாப்பானது என்று கையளிக்கப்பட்ட இடத்திலேயே செய்யுங்கள்.

இவ்வளவும் சொல்லக் காரணம் ஒன்று உண்டு. கோழியை வீட்டில் முட்டையிடவும் வீட்டில் உறங்கவும் பழக்கிவிட்டால், யாரும் அதைத் தேடிப் பற்றைக்குள் போக வேண்டி வராது. இந்தப் பாடத்தில் கூடு, முட்டைப்பெட்டி, நேரம் பற்றிச் சொல்லப்படுபவை முட்டை வருமானத்துக்காக மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளின் காலுக்காகவும்தான்.

2. எத்தனை கோழி, எங்கே வாங்குவது?

மூன்று அல்லது நான்கு பேடும் ஒரு சேவலும் தொடங்குவதற்குப் போதும். ஒரு சேவல் எட்டு, பத்துப் பேடுகளுக்குக் காணும். ஆகவே அயல்வீட்டில் நல்ல சேவல் இருந்து, கோழிகள் ஒன்றாகத் திரிந்தால் நீங்கள் சேவல் வாங்கத் தேவையில்லை. ஒரேயடியாகப் பத்துப் பதினைந்து வாங்கினால் தீன் போதாது, கூடு போதாது. நோய் வந்தால் இழப்பும் பெரிது.

இயன்றவரை உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ, வளர்த்தவரின் வளவுக்கே போய்ப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் பல இடத்துக் கோழிகள் ஒன்றாகக் கிடப்பதால் நோய் தொற்றியிருக்கக்கூடும். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்: கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் சளி இருக்கக்கூடாது. பின்புற இறகில் எச்சம் ஒட்டியிருக்கக்கூடாது. செட்டையைத் தூக்கிப் பார்த்தால் பேன் மொய்த்திருக்கக்கூடாது. கையில் பிடித்தால் துடிப்பாக உதற வேண்டும்.

புதிதாக வந்த கோழியை, ஏற்கெனவே உள்ள கோழிகளோடு உடனே சேர்க்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு வேறாக அடைத்து வைத்துத் தீனும் தண்ணீரும் கொடுங்கள். நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அத்துடன் கோழியும் உங்கள் வீட்டை அறிந்துகொள்ளும். திறந்துவிட்டால் மாலையில் திரும்பி வரும்.

உதவித் திட்டங்களில் சில வேளைகளில் கலப்பினக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்படுகின்றன. அவை அதிகம் முட்டையிடும். ஆனால் அவற்றுக்குத் தீன் கூடுதலாக வேண்டும், பெரும்பாலும் அடைகிடக்கா. அவற்றின் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைப்பதானால் ஊர்க்கோழிப் பேடு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

3. கூடு

பகலில் திரியும் கோழிக்கு இரவில்தான் ஆபத்து அதிகம். மரநாய், பாம்பு, நாய் எல்லாம் இருட்டில் வரும். மரத்தில் உறங்கும் கோழியும் மரநாய்க்குத் தப்பாது. ஆகவே கோழி வாங்க முன்னரே கூட்டைச் செய்து முடியுங்கள்.

ஐந்து கோழிக்கு நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரமான கூடு காணும். நிலத்திலிருந்து இரண்டு அடி உயர்த்தி, நான்கு கால்களில் நிறுத்துங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் இடமானால் இன்னும் உயர்த்துங்கள். கால்களுக்கும் சட்டத்துக்கும் காட்டுத்தடி, அடிப்பகுதிக்குப் பனை மட்டை அல்லது பிளந்த கமுகஞ்சலாகை போதும். அடியில் விரல் அகல இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு ஈரமாகாது. சுவர்ப்பக்கம் காற்று வரும்படி சலாகை அடிக்கலாம். கம்பிவலை கிடைத்தால் இன்னும் நல்லது. பாம்பும் மரநாயும் நுழையாத அளவுக்கு இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும்.

கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலை மிக நல்லது. தகரம் மட்டும் போட்டால் சித்திரை, வைகாசி வெயிலில் கூடு அடுப்பாகிவிடும். தகரம் போடுவதானால் அதன்மேல் கிடுகு வேயுங்கள். தறப்பாளைக் கூரைக்கு மேல் மழைக்குப் போடலாம், ஆனால் நான்கு பக்கமும் இழுத்து மூட வேண்டாம். காற்றில்லாமல் கோழிக்குச் சளி பிடிக்கும். மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும் உரப்பையைத் தொங்கவிட்டால் போதும்.

கூட்டுக்குள் ஒன்றரை அங்குலத் தடிப்பான தடியொன்றைக் குறுக்காகக் கட்டுங்கள். கோழி நிலத்தில் கிடப்பதை விடத் தடியில் இருந்து உறங்கவே விரும்பும். கதவுக்கு நல்ல கொக்கி போடுங்கள். வாசல் கிழக்குப் பக்கம் இருந்தால் காலை வெயில் உள்ளே விழும்.

கூட்டைக் கிணற்றடியில் வைக்க வேண்டாம். கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்தில், மழைத்தண்ணீர் கிணற்றை நோக்கி ஓடாத பக்கத்தில் வையுங்கள். வீட்டிலிருந்து சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பது நல்லது. இரவில் கோழி கத்தினால் நீங்கள் எழும்ப வேண்டுமல்லவா? எழும்பிப் போகும்போது வெளிச்சம் கொண்டு போங்கள், கூட்டுக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

4. வீட்டில் முட்டையிடப் பழக்குதல்

கோழி அமைதியான, அரை இருட்டான இடத்தை முட்டையிடத் தேடும். நீங்கள் அப்படியோர் இடத்தைக் கொடுத்தால் அது பற்றைக்குப் போகாது. பழைய கடகம், மரப்பெட்டி, உடைந்த பானையின் அடிப்பகுதி எதுவும் உதவும். அதற்குள் காய்ந்த மணலும் வைக்கோலும் போட்டு, பேன் வராமல் இருக்க வேப்பிலை கொஞ்சம் சேருங்கள். கூட்டுக்குள் அல்லது தாழ்வாரத்தில் நிலத்திலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். மூன்று, நான்கு பேட்டுக்கு இரண்டு பெட்டி போதும்.

கோழி பெரும்பாலும் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் முட்டையிடும். முட்டையிடத் தொடங்கிய கோழிகளைக் காலை பத்து, பதினொரு மணிவரை கூட்டில் தண்ணீரோடு வைத்திருந்து பின்னர் திறந்துவிடுங்கள். சில நாட்களில் பெட்டியில் இடப் பழகிவிடும். பெட்டியில் ஒரு முட்டையை எப்போதும் விட்டு மற்றவற்றை எடுங்கள். விடும் முட்டையில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தால் பழையது எது, புதியது எது என்று குழம்பாது.

மாலையில் கோழி வீடு திரும்ப ஒரு நல்ல வழி, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே ஓசையோடு தீன் போடுவது. பேணியில் தட்டியோ "பா பா" என்று கூப்பிட்டோ ஒரு பிடி நெல்லைக் கூட்டடியில் போடுங்கள். ஒரு கிழமைக்குள் பேணிச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். கோழிகளை எண்ணிப் பார்த்து அடையுங்கள். ஒன்று குறைந்தாலும் இருட்டில் தேடிப் போக வேண்டாம்.

5. தீனும் தண்ணீரும்

வளவில் திரியும் கோழி புழு, பூச்சி, புல் விதை, சிந்திய நெல் என்று தன் தீனில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என நீங்கள் கொடுப்பது அதற்கு மேலதிகம். குறுணல், தவிடு, தேங்காய்ப்பூச் சக்கை, சோற்றுப் பருக்கை, மீன் கழிவு, நறுக்கிய முருங்கையிலை எல்லாம் நல்லவை. முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டைக்கோதைக் காயவைத்து நன்றாக நொறுக்கித் தவிட்டோடு கலந்து கொடுங்கள். கோதை முழுசாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

கொடுக்கக்கூடாதவையும் உண்டு:

- பூஞ்சணம் பிடித்த மா, பருப்பு, புண்ணாக்கு. நிவாரணப் பொருள் பழுதானால் கோழிக்குப் போடுவோம் என்று எண்ண வேண்டாம். பூஞ்சண நஞ்சு கோழியைக் கொல்லும்.
- உப்புக் கூடிய கருவாட்டுத் தண்ணீர், ஊறுகாய்க் கழிவு.
- மருந்து கலந்த விதைநெல். விதைப்புக்குக் கிடைக்கும் நெல்லையும் எலி நஞ்சையும் கோழிக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் கோழியைத் திறக்க வேண்டாம்.

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் கோழி தீன் இல்லாமல் இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் இராது. மண்சட்டி ஒன்றை நிழலில், பாதி நிலத்தில் புதைத்து வைத்தால் கவிழாது, குளிர்ந்தும் இருக்கும். நாள்தோறும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். இன்னொரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்து விடுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும், பேன் குறையும்.

6. அடைவைத்தலும் குஞ்சு வளர்த்தலும்

ஊர்க்கோழி ஒருமுறையில் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டு அடைக்கு வரும். பெட்டியை விட்டு எழும்பாமல், கிட்டப் போனால் சிலிர்த்துக் கொறித்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அறியலாம்.

அடைவைக்கும் முட்டை பத்து நாளுக்குள் இட்டதாக, நடுத்தர அளவானதாக, வெடிப்பில்லாததாக இருக்க வேண்டும். முட்டையைக் குளிர்ந்த இடத்தில், மணல் நிரப்பிய சட்டியில் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சேருங்கள். கழுவ வேண்டாம். ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். கூட வைத்தால் ஓர முட்டைகளுக்குச் சூடு கிடைக்காது.

ஏழாம் நாள் இரவில் முட்டையை ரோச் லைற் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போல் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் கருவில்லை; எடுத்துவிடுங்கள். பின்னர் அது கூழ்முட்டையாகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை இறங்கித் தின்று குடித்து எச்சம் போட வேண்டும். இறங்காத கோழியை நீங்களே தூக்கி இறக்கிவிடுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீன் தேவையில்லை. மஞ்சட் கருவின் சத்து அதன் வயிற்றில் இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து நொறுக்கிய குறுணல், தேங்காய்ப்பூ, கறையான் கொடுக்கலாம். சாணமும் வைக்கோலும் நிரப்பிய பானையை ஈர மண்ணில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். இதற்காகப் புற்றுத் தேடிக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. தண்ணீரைத் தட்டையான மூடியில், சிறு கற்கள் போட்டு வையுங்கள். குஞ்சு விழுந்து சாகாது.

குஞ்சுகளில் பெரும்பகுதியை நாங்கள் இழப்பது முதல் நான்கு கிழமைக்குள்தான். பருந்தும் காகமும் பகலில் தூக்கும், கீரி வேலியோரம் பிடிக்கும், மழையில் நனைந்தது குளிரில் சாகும். ஆகவே இந்த நான்கு கிழமையும் தாயையும் குஞ்சுகளையும் அடைத்தே வளருங்கள். பெரிய கூடையைக் கவிழ்த்து மேலே கல்லை வைக்கலாம். அல்லது பழைய மீன்வலையை நான்கு தடியில் கட்டி மேலே மூடலாம். வெயில் ஏறியதும் நிழலுக்கு மாற்றுங்கள். இரவில் கூட்டுக்குள் எடுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமையில் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்தால், தாய் மீண்டும் முட்டைக்கு வரும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரிக்கும் குஞ்சைக் காப்பாற்றுவது கடினம். மழை ஓய்ந்த பின், தை, மாசி அறுவடைக் காலத்தில் குஞ்சு திரியத் தொடங்கினால் களத்து நெல்லும் பூச்சியும் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு ஏற்றபடி அடைவையுங்கள்.

7. நோய்

ஊர்க்கோழி வளர்ப்பவர் அதிகம் அஞ்ச வேண்டியது நியூகாசில் நோய். ரணிக்கெட் என்றும் சொல்வார்கள். கோழி தூங்கி விழும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், செட்டை தொங்கும், சில கோழிகளுக்குக் கழுத்துத் திருகும், கால் இழுக்கும். ஒன்று செத்தால் சில நாட்களில் வளவே வெறுமையாகலாம். வந்த பின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி மருந்து கொடுப்பதே வழி.

இந்த மருந்தைக் கண்ணில் ஒரு துளி விடும் முறையில் கொடுக்கலாம். குஞ்சிலேயே தொடங்கி, பின்னர் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு தடவை மீண்டும் கொடுக்க வேண்டும். மருந்தின் வகையைப் பொறுத்து நாள் மாறும். உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அடுத்த திகதியைச் சுவரிலோ கொப்பியிலோ எழுதி வையுங்கள். மூன்று விடயங்களைக் கவனியுங்கள்:

- ஒரு குப்பியில் பொதுவாக நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். திறந்து கரைத்தால் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே தனி வீடாகக் கேட்காமல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். ஒரு வீடு விடுபட்டாலும் நோய்க்கு அது வழியாகும்.
- மருந்து சூடு படக்கூடாது. ஐஸ் கட்டி போட்ட பெட்டியிலோ சுடுதண்ணீர்ப் போத்தலிலோ வைத்து, வெயில் ஏற முன்னர் கொண்டு வாருங்கள்.
- நோய் இல்லாத கோழிக்கே கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் காவல் கிடைக்காது. ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும்.

நோய் வந்துவிட்டால், மிஞ்சிய கோழிகளை அவசரப்பட்டுச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். நட்டம் வந்த மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்தக் கோழி போகும் வீடும் உங்களைப் போலத் திரும்பி வந்த வீடுதான். செத்ததைத் தின்னவோ பற்றையிலும் குளத்திலும் எறியவோ வேண்டாம். நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துச் சாம்பலும் சுண்ணாம்பும் போடுங்கள். கூட்டைக் கழுவிக் காயவிட்டு, சில கிழமை கழித்தே புதுக்கோழி வாங்குங்கள்.

மற்ற நோய்களில் கோழி அம்மை மழைக்காலத்தில் நுளம்பால் பரவும். பூவிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வரும். புண்ணில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசி, கண் மூடிய குஞ்சுக்குக் கையால் தீன் ஊட்டினால் பல தப்பும். குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் கூடு ஈரமாக இருக்கிறது என்று பொருள். கூட்டைக் காயவைத்து, கால்நடை வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். காரணம் தெரியாமல் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் தொடாமல் உடனே அறிவியுங்கள்.

8. கோழியும் தோட்டமும் அயலும்

கோழியும் கத்தரி நாற்றும் ஒரே வளவில் இருந்தால் சண்டைதான். நாற்றுமேடைக்கும் புதிதாக நட்ட பாத்திக்கும் பனையோலை வேலி போடுங்கள். செடி முழங்கால் உயரம் வந்ததும் கோழி உள்ளே போனால் பெரிய கேடில்லை, பூச்சியைப் பொறுக்கும். பறந்து வேலி தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் செட்டையின் நீண்ட இறகுகளை மட்டும் நுனியில் வெட்டலாம். ஆனால் நாய்த் தொல்லை உள்ள இடத்தில் வெட்ட வேண்டாம். தப்பிப் பறக்க முடியாது.

கூட்டின் கீழ் விழும் எச்சத்தைக் கிழமைக்கு ஒரு தடவை கூட்டி, சருகும் சாம்பலும் சேர்த்துக் குவித்து, இரண்டு மூன்று மாதம் உக்க விடுங்கள். பச்சையாகப் போட்டால் செடி கருகும். உக்கிய கோழியெருவுக்கு ஈடான பசளையை மரக்கறிப் பாத்திக்குக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வேலி இல்லாத இன்றைய நிலையில் உங்கள் கோழி அயல்வளவில் கிளறுவதும் அவர்களின் கோழி உங்களிடம் முட்டையிடுவதும் நடக்கும். எல்லைக் கல்லே இன்னும் சரியாகத் தெரியாத நேரத்தில் கோழியால் மனக்கசப்பு வரக்கூடாது. கோழியின் காலில் நிறத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். விதைப்புக் காலத்தில் எல்லா வீடும் கோழியைப் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் மட்டும் திறப்பது என்று கூடிப் பேசி முடிவெடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை சேவலை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் இனமும் திருந்தும், உறவும் நிலைக்கும்.

9. பிள்ளைகளும் கோழியும்

பிள்ளைகள் கோழிக்குப் பெயர் வைப்பார்கள். மடியில் வைத்திருப்பார்கள். பலதையும் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குத் தன்னுடையது என்று சொல்ல ஓர் உயிர் இருப்பது நல்லது. தண்ணீர் வைப்பது, மாலையில் எண்ணி அடைப்பது, முட்டைக் கணக்கு எழுதுவது ஆகியவற்றைப் பிள்ளையிடம் கொடுங்கள். கோழியைத் தொட்ட பின்னும் கூடு கூட்டிய பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். கோழி சமையல் இடத்துக்கும் படுக்கும் பாய்க்கும் வரக்கூடாது.

எந்தக் கோழி விற்கப்படும், எது கறிக்கு, எது வீட்டிலேயே இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை வளர்த்த கோழி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டியில் கிடந்தால் அந்தப் பிள்ளை மீண்டும் கோழி வளர்க்கப் பின்னிற்கும். ஒரு நல்ல தாய்க்கோழியைப் பிள்ளையின் கோழி என்று விட்டுவிடுங்கள். அதனால் வீட்டுக்கு நட்டமில்லை; தாய்க்கோழியை எப்படியும் விற்கக்கூடாது.

10. முதல் ஆண்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். உங்களிடம் மூன்று பேடு இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தடவையில் 12 முட்டை இடுகிறது. இரண்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு 10 முட்டையை அடைவைக்கிறீர்கள். 7 பொரிக்கிறது. நன்றாகப் பார்த்தால் 4 குஞ்சு வளர்ந்து வரும் என்று வைப்போம். மூன்று பேட்டுக்கும் சேர்த்து 12. அதில் பாதி பேடு, பாதி சேவல் என்றால் 6 பேடும் 6 சேவலும். இதே பேடுகளைத் திறந்துவிட்டு வளர்த்து, 7 குஞ்சில் ஒன்றே மிஞ்சினால் மூன்று பேட்டுக்கும் சேர்த்து 3 மட்டும்தான். முதல் நான்கு கிழமை அடைத்து வளர்ப்பதன் பலன் இதுதான்.

முதல் ஆண்டில் பேடு எதையும் விற்கவோ அறுக்கவோ வேண்டாம். சேவல்களை விற்றுத் தீன், கம்பிவலை, கொப்பி வாங்குங்கள். நல்லநாள் பெருநாளுக்குச் சேவலின் விலை ஏறும். அதற்கு ஏற்றபடி வைத்திருங்கள். பேடு பத்துக்கு மேல் போனால் வளவுத் தீன் போதாது. அப்போது வயது போனவற்றைக் கழியுங்கள், அல்லது புதிதாகத் திரும்பி வந்த உறவினருக்கு ஒரு பேட்டைக் கொடுத்து, பிறக்கும் குஞ்சில் பங்கு பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

1. எங்கள் வளவைச் சுற்றிப் பாதுகாப்பானது என்று கையளிக்கப்பட்ட எல்லை எது? பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியுமா?
2. கூடு எங்கே வருகிறது? கிணற்றுக்கு எவ்வளவு தூரம்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?
3. மாலையில் கோழியை எண்ணி அடைப்பது யாருடைய பொறுப்பு?
4. தடுப்பு மருந்து கொடுக்க வேண்டிய அடுத்த திகதி எது? அயல்வீடுகளுக்குச் சொன்னோமா?
5. ஒரு கோழி இரவு திரும்பி வராவிட்டால் என்ன செய்வோம்?

ஐந்தாவது கேள்விக்கு விடை: விடியும்வரை காத்திருப்போம். விடிந்ததும் பேணியைத் தட்டிக் கூப்பிடுவோம். வந்தால் சரி. வராவிட்டால், பற்றைக்குள் யாரும் போகமாட்டோம்.